பூட்டிய கணினியில் ஒரு குறிப்புச்சட்டம்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதியவர்கள் குறிப்புச்சட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். விடைத்தாளில் ஒரு கட்டம் போட்டு, முன்னுரை, நான்கைந்து உட்தலைப்பு, முடிவுரை என்று எழுதிய பிறகுதான் கட்டுரையைத் தொடங்குவோம். பள்ளியை விட்டு வந்ததும் அந்தப் பழக்கமும் விட்டுப்போகிறது. அலுவலகத்தில் நாற்பது பக்க அறிக்கை கேட்டால் முதல் வரியிலிருந்து நேராக அடிக்கத் தொடங்கிவிடுகிறோம். மூன்றாம் பகுதி முதலில் வந்திருக்க வேண்டும் என்பது இருபதாம் பக்கத்தில்தான் தெரியவருகிறது.

அந்தக் குறிப்புச்சட்டத்தைக் கடைசி வரைக்கும் உயிரோடு வைத்திருக்கும் மென்பொருளைத்தான் அவுட்லைனர் என்கிறோம். ஒரு வரியின் கீழ் பிள்ளை வரிகள், அவற்றின் கீழ் பேரப்பிள்ளை வரிகள். வேண்டாத நேரத்தில் குடும்பத்தை மடித்து வைக்கலாம். வேறு இடம் வேண்டுமென்றால் குடும்பத்தோடு நகர்த்தலாம். கணினி முன்னோடி டக்ளஸ் எங்கல்பர்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ மேடையில் இதைச் செய்து காட்டியபோது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மளிகைப் பட்டியல். வாங்க வேண்டியவற்றை வகை பிரித்தார், மடித்தார், விரித்தார். இன்று கிடைக்கும் அத்தனை அவுட்லைனர்களும் அடிப்படையில் அதைத்தான் செய்கின்றன.

ஆனால் அவற்றில் பல, இந்த இயலை வாசிப்பவர்களுக்குக் கிடைக்காது. வங்கி, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை, அரசு அலுவலகம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஐடி நிறுவனம் என்று எங்கே போனாலும் மேசைமேல் இருக்கும் கணினி உங்களுடையது அல்ல. எதை நிறுவலாம், எந்தத் தளத்தைத் திறக்கலாம், எந்தக் கோப்பு வெளியே போகலாம் என்பதை ஐடி பிரிவு முடிவுசெய்கிறது. அந்த எல்லைக்குள் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த இயல். எல்லையைத் தாண்டும் குறுக்குவழி எதுவும் இதில் கிடையாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், உலாவியில் ஓடும் ஓர் அவுட்லைனரில் இரண்டு ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கூட்டக் குறிப்பு, பிழைப் பட்டியல், பாதி எழுதிய கையேடு எல்லாம் அதில் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தளத்துக்குப் பதிலாகத் தடுப்புப் பக்கம் வந்தது. அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். 'இந்தத் தளத்தில் அலுவலகத் தகவல் ஏதும் வைத்திருக்கிறீர்களா?' என்று பதில் வந்தது. வைத்திருந்தேன். அந்த ஒரு வாரம் நான் தூங்கியது குறைவு. அதற்குப் பிறகு ஒரு வரிசையை விடாமல் பின்பற்றுகிறேன்: முதலில் பூட்டைப் பார்ப்பது, அடுத்துக் கோப்பு எங்கே, எந்த வடிவத்தில் இருக்கும் என்று பார்ப்பது, கடைசியில் மென்பொருள். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

எந்தப் பூட்டு?

'எங்கள் ஆபீஸில் எதையும் போட முடியாது' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் விண்டோஸ் கணினியில் தடை என்பது ஒன்றல்ல, பல. திரையில் வரும் செய்தியை நிதானமாக வாசித்தால் எந்தத் தடை என்று தெரிந்துவிடும்.

நிறுவும் கோப்பைத் திறந்ததும் நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், உங்களுக்கு அட்மின் உரிமை இல்லை என்று மட்டும் பொருள். கணினி முழுவதற்கும் பொதுவான புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத முடியாது. சில மென்பொருள்கள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும். விஷுவல் ஸ்டுடியோ கோட் அப்படி ஒரு பதிப்பைத் தருகிறது. தொழில்நுட்ப அளவில் அங்கே வழி இருக்கிறது. அலுவலக விதி அதை அனுமதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. 'ஓடுகிறது' என்பதும் 'அனுமதி இருக்கிறது' என்பதும் வேறுவேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்கிறது.

உங்கள் நிர்வாகி இந்தச் செயலியைத் தடுத்திருக்கிறார் என்ற பொருளில் செய்தி வந்தால் அது கடுமையான பூட்டு. ஆப்லாக்கர் போன்ற ஏற்பாடு, பட்டியலில் உள்ள நிரல்களை மட்டுமே ஓட விடும். அதன் இயல்பான விதிகளில் சாதாரணப் பயனருக்கு விண்டோஸ் கோப்புறையிலும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலும் இருப்பவை மட்டுமே ஓடும். நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தாலும் ஓடாது. ஒவ்வொரு தடுப்பும் நிகழ்வுப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்வத்தில் ஐந்து மென்பொருளை அடுத்தடுத்துச் சோதித்தால், பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அது ஆர்வமாகத் தெரியாது. ஒருமுறை இந்தச் செய்தி வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

தளத்தின் முகவரியை அடித்ததும் நிறுவனத்தின் தடுப்புப் பக்கம் வந்தால் அது இணைய வடிகட்டி. அந்தப் பக்கத்தில் எந்த வகையின்கீழ் தடுத்தார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். 'ஆன்லைன் சேமிப்பு', 'கோப்புப் பகிர்வு' என்று இருந்தால் தெரிந்தே தடுத்திருக்கிறார்கள், வாதாடிப் பயனில்லை. சம்பந்தமே இல்லாத வகை போட்டிருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், பல இடங்களில் கேட்டதும் திருத்துகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. தொடக்கப் பட்டியில் 'சாஃப்ட்வேர் சென்டர்' அல்லது 'கம்பெனி போர்ட்டல்' என்று தேடிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் நிர்வாகக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களில், ஏற்கெனவே அனுமதித்த மென்பொருள்களின் பட்டியல் அங்கே இருக்கும். அட்மின் கடவுச்சொல் இல்லாமல், ஒரு பொத்தானை அழுத்தி நிறுவிக்கொள்ளலாம். நான்கு மாதம் ஒரு மென்பொருளுக்காகக் கெஞ்சிவிட்டு, அது அந்தப் பட்டியலில் முதலிலிருந்தே இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தவர் எனக்குத் தெரியும்.

அரசு ஊழியர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூனில் வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதலில், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற வெளியார் மேகச் சேமிப்புகளில் அரசு ஆவணங்களை வைக்கக் கூடாது என்று மத்திய அரசு ஊழியர்களுக்குச் சொல்லியிருக்கிறது. கேம்ஸ்கேனர் போன்ற கைப்பேசிச் செயலிகளால் உள் ஆவணங்களை ஸ்கேன் செய்வதற்கும் அதில் தடை உண்டு. அறிக்கையின் குறிப்புச்சட்டமும் ஆவணந்தான். கோப்பின் எண்ணும் பயனாளியின் பெயரும் முதலில் ஏறுவது அதில்தான். தனியார் நிறுவனங்களுக்கும் இதே கவனம் வேண்டும்: 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. ஐடி பிரிவில் இருப்பவர் உங்கள் வேண்டுகோளைத் தயக்கத்தோடு பார்ப்பதற்குப் பின்னால் இந்தத் தொகை இருக்கிறது.

வீட்டிலேயே இருக்கும் அவுட்லைனர்

பூட்டிய கணினியிலும் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்ட் இருக்கும். அதற்குள் முழுமையான ஓர் அவுட்லைனர் இருக்கிறது. பதினைந்து ஆண்டு வேர்டில் வேலை செய்தவர்கள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. இந்த இயலில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இந்தப் பகுதியைச் செய்து பாருங்கள்.

கன்ட்ரோல், ஆல்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அல்லது 'வியூ' தாவலில் 'அவுட்லைன்' என்பதைச் சொடுக்குங்கள். பக்கத்தின் ஓரங்கள் மறைந்து, வரிகளின் முன்னால் சிறு குறிகள் வரும். ஒரு தலைப்பை எழுதி என்டர் அடித்து, டேப் விசையை அழுத்தினால் அடுத்த வரி ஒரு படி உள்ளே போகும். ஷிஃப்டும் டேபும் சேர்ந்தால் வெளியே வரும். கூட்டல் குறியை இருமுறை சொடுக்கினால் அந்தக் கிளை மடியும், மறுபடி இருமுறை சொடுக்கினால் விரியும். ஒன்பது படி வரைக்கும் போகலாம். நான்கைத் தாண்ட வேண்டிய அறிக்கையை நான் இதுவரை எழுதியதில்லை.

இதன் உண்மையான பலம் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசைகளை அழுத்துவதில் இருக்கிறது. மேல் அம்பு, கீழ் அம்பு வரியை நகர்த்தும். கிளை மடிந்திருந்தால் கீழே உள்ள அத்தனையும் கூடவே வரும். இடது வலது அம்புகள் படியை மாற்றும். ஆல்ட், ஷிஃப்ட், 1 என்றால் முதல் படித் தலைப்புகள் மட்டும் திரையில் நிற்கும். 2 என்றால் இரண்டு படி. நாற்பது பக்க அறிக்கை ஏழு வரியாகச் சுருங்கி நிற்கும்போது, மூன்றாம் பகுதி முதலில் வந்திருக்க வேண்டும் என்பது கண்ணில் படுகிறது. கீழே உள்ள பதினொரு பக்கத்தையும் வெட்டி ஒட்டாமல், இரண்டே அழுத்தலில் மேலே கொண்டுபோய்விடலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இங்கே ஓர் இடைஞ்சல் வரும். விண்டோஸில் இரண்டு விசைப்பலகைகள் வைத்திருந்தால், ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துவது மொழியை மாற்றும் விசையாகவும் இருக்கும். விரல் சற்றுப் பிசகினால் வரி நகராது, தமிழ் 99 விசைப்பலகை ஆங்கிலமாக மாறிவிடும். விசைப்பலகை அமைப்புகளில் உள்ளீட்டு மொழிக்கான குறுக்கு விசைகள் என்ற பகுதிக்குப் போய் அந்தச் சேர்க்கையை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அதே வேலையைச் செய்யும். இது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டுமான அமைப்பு என்பதால் பொதுவாக அட்மின் உரிமை வேண்டியதில்லை. விசைப்பலகைக்கென்று தனி மென்பொருள் நிறுவ முடியாத இடங்களில், விண்டோஸோடு வரும் தமிழ் 99 விசைப்பலகையை மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று எழுத்துரு. தலைப்புப் பாணியின் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் பழையபடியே நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். வேர்ட் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்ற வகையில் வைத்திருக்கிறது. எழுத்துருப் பெட்டியில் அதற்கென்று தனிப் பகுதி இருக்கும். எழுத்துருவையும் அளவையும் அங்கேதான் மாற்ற வேண்டும். நிர்மலா யூஐ விண்டோஸோடு வருவதால், கோப்பு வேறு கணினிக்குப் போனாலும் முகம் மாறாது.

வேர்டில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கிளையை எடுத்துத் திரை முழுவதும் வைத்துக்கொண்டு, மற்றவை இருப்பதையே மறந்து வேலை செய்யும் வசதி அவுட்லைன் காட்சியில் இல்லை. ஒரே வரி இரண்டு இடத்தில் தோன்றி, ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடத்திலும் மாறும் வசதியும் இல்லை. நாள்தோறும் நூறு துணுக்குகளைச் சேர்ப்பவருக்கு இவை பெரிய குறைகள். அறிக்கை, கையேடு, முன்மொழிவு எழுதுபவருக்கு அவ்வளவு உறுத்தாது. 'மாஸ்டர் டாக்குமென்ட்' என்ற பொத்தான் அதே பட்டையில் இருக்கும். அதன் பக்கம் போகாதீர்கள். கோப்புகளைப் பிரித்துச் சேர்க்கும்போது கெடுத்துவிடும் என்ற பெயர் அதற்கு நெடுங்காலமாக உண்டு.

மைக்ரோசாஃப்ட் இல்லாத அலுவலகங்களில் லிபர்ஆஃபிஸ் ரைட்டர் இருக்கலாம். அதில் எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் திறக்கும். தலைப்புகளை அங்கேயே மேலும் கீழும் நகர்த்தலாம், கிளையின் உள்ளடக்கம் கூடவே வரும். வேர்டின் வேகம் இல்லை, வேலை நடக்கும். கூகுள் டாக்ஸ் பயன்படுத்தும் இடங்களில் இடப்பக்கம் தலைப்புப் பட்டியல் வரும், தாவிச் செல்ல உதவும். முழு அவுட்லைனராக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்நோட்டும் மற்றவையும்

துணுக்குகள் சேர்ப்பவருக்கு வேர்டைவிட ஒன்நோட் பொருந்தும். டேப் அடித்துப் பத்தியை உள்ளே தள்ளலாம். ஆல்ட், ஷிஃப்ட், கழித்தல் குறி மடிக்கும். கூட்டல் குறி விரிக்கும். கணினியில் தெரியும் பெயரைக் கவனியுங்கள்: 'விண்டோஸ் 10க்கான ஒன்நோட்' என்றால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வெறும் 'ஒன்நோட்' என்றிருப்பதே இப்போது வேண்டியது.

ஒன்நோட்டில் கவனம் வேண்டிய இடம் கோப்பு. அலுவலகக் கணக்கில் நுழைந்து எழுதும் நோட்டுப்புத்தகம் வழக்கமாக நிறுவனத்தின் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ போய் அமரும். பாதுகாப்பு நோக்கில் அது நல்லது. ஐடி பிரிவு சந்தோஷமாக அனுமதிக்கக் காரணமும் அதுதான். ஆனால் கணக்கை முடக்கும் நாளில் புத்தகமும் மூடிக்கொள்ளும். கற்றுக்கொண்ட பாடம், படித்த நூலின் குறிப்பு போன்ற சொந்த விஷயங்களை அலுவலகப் புத்தகத்தில் கலக்காதீர்கள். அலுவலக விஷயத்தைச் சொந்தக் கைப்பேசியிலும் எழுதாதீர்கள். இரண்டுக்கும் இரண்டு நோட்டு. முதல் நாளே பிரித்துவிட்டால் கடைசி நாளில் சிக்கல் இல்லை.

எக்செல்லில் வரிகளைக் குழுவாக்கி எட்டுப் படி வரை மடிக்கலாம். பட்ஜெட்டுக்குச் சரி. சிந்தனைக்கு அது தோதுப்படாது. வரியை நகர்த்தினால் குழு குலைகிறது.

மென்பொருள் உருவாக்கும் நிறுவனத்தில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். விஷுவல் ஸ்டுடியோ கோட் அங்கே ஏற்கெனவே அனுமதித்ததாக இருக்கும். வெற்று உரைக் கோப்பில் டேப் இட்டு எழுதினாலே அது உள்தள்ளலைப் பார்த்து மடித்துக் காட்டும். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதினால் தலைப்புகளை ஓரத்தில் மரமாக அடுக்கித் தரும். ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி இருக்குமானால் அதற்குள் ஆர்க்-மோட் இருக்கிறது. 2003இல் கார்ஸ்டன் டோமினிக் என்ற வானியலாளர் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. வெற்று உரையில் இயங்கும் அவுட்லைனர்களில் அதற்கு இணையாக ஒன்றை நான் கண்டதில்லை. கற்றுக்கொள்ள நாளாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அனுமதி கிடைக்கும் இடங்களில் அப்சிடியன், லாக்சீக் இரண்டும் கணினியிலேயே மார்க்டவுன் கோப்புகளாகச் சேமிக்கின்றன. லாக்சீக் திறமூலம். அப்சிடியனை அலுவலக வேலைக்குப் பயன்படுத்த முன்பு நிறுவனம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது; 2025 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். 'இலவசம்' என்று எழுதியிருந்தால் யாருக்கு இலவசம் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வீட்டுக்கு இலவசமாகவும் அலுவலகத்துக்குக் கட்டணமாகவும் இருப்பவை ஏராளம். உரிமம் இல்லாத மென்பொருள் தணிக்கையில் சிக்கினால் பதில் சொல்வது நிறுவனம்.

வொர்க்ஃப்ளோயி, டைனலிஸ்ட் போன்று உலாவியில் ஓடுபவை அழகானவை. எழுத எழுத வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் எழுதுவது அவர்களுடைய சேவையகத்தில் இருக்கும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் அலுவலக விஷயத்தை அங்கே எழுதாதீர்கள். தளம் தடையில்லாமல் திறக்கிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொண்டுதான் நான் மாட்டினேன்.

தொல்காப்பியத்தை வைத்துச் சோதியுங்கள்

ஒரு மென்பொருள் கைக்கு வந்ததும் அலுவலகத்தின் உண்மையான குறிப்புகளைக் கொண்டு சோதிக்கக் கூடாது. கற்பனையாக 'அஅஅ', 'ஆஆஆ' என்று அடித்தால் எதுவும் தெரியாது. நான் தொல்காப்பியத்தின் அடுக்கைப் பயன்படுத்துகிறேன். எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம். ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல். மொத்தம் இருபத்தேழு வரிகளுக்குப் பெயர் தயாராக இருக்கிறது. யாருடைய ரகசியமும் வெளியே போகாது. ஓர் அவுட்லைனரின் குணத்தைக் காட்ட அந்த அளவு போதும்.

மூன்று அதிகாரங்களையும் இருபத்தேழு இயல்களையும் அடித்து முடியுங்கள். சுட்டெலியைத் தொடாமல் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு எழுத்ததிகாரத்தை மடித்துப் பொருளதிகாரத்துக்குக் கீழே நகர்த்துங்கள். ஒன்பது இயலும் கூடவே வந்தனவா? நூன்மரபு மட்டும் பின்தங்கி நின்றால் அந்த மென்பொருளை மூடிவிடலாம். களவியலையும் கற்பியலையும் புதிதாக ஒரு தலைப்பின் கீழ் சேர்த்து, திரும்பவும் பிரியுங்கள். 'மயங்கியல்' என்று தேடுங்கள். உயிர்மயங்கியல், புள்ளிமயங்கியல், வேற்றுமை மயங்கியல் மூன்றும் வர வேண்டும். மடிந்த கிளைக்குள் இருப்பதைத் தேடல் காட்டாமல் விட்டால், ஆறு மாதத்துக்குப் பிறகு உங்கள் குறிப்பை நீங்களே தொலைத்திருப்பீர்கள்.

அகரவரிசை வசதி இருந்தால் அதையும் சோதியுங்கள். சில மென்பொருள்கள் யூனிகோட் எண் வரிசையில் அடுக்குகின்றன. அந்த எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன வரும், ர-வை அடுத்து ற வரும். நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசியில் நிற்கின்றன. பெயர்ப் பட்டியல் தயாரிப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசிச் சோதனை மிக முக்கியமானது: வெளியே எடுப்பது. இருபத்தேழு இயலையும் வெற்று உரைக் கோப்பாகச் சேமித்து, அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்தள்ளல் அப்படியே இருக்க வேண்டும், எழுத்துகளும் அப்படியே இருக்க வேண்டும். தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், கோப்பு ஆன்சி குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து தமிழை மீட்க வழியே கிடையாது. எழுத்து போனது போனதுதான். சேமிக்கும் பெட்டியில் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேட் 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே செய்கிறது. பழைய கணினிகளில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவுட்லைனர்களுக்கு இடையே பொதுவாக இருக்கும் வடிவம் ஓபிஎம்எல். மென்பொருள் உருவாக்குநர் டேவ் வைனர் 2000ஆம் ஆண்டில் வடிவமைத்தது. உள்ளே எக்ஸ்எம்எல்தான். வொர்க்ஃப்ளோயி, டைனலிஸ்ட், மேக் கணினியில் ஓடும் ஆம்னிஅவுட்லைனர் ஆகியவை இதை ஏற்கும், கொடுக்கும். மென்பொருள் ஓபிஎம்எல் தராவிட்டாலும் டேப் இட்ட வெற்று உரையாவது தர வேண்டும். பிடிஎஃப் மட்டுமே தருகிறது என்றால் வெளியே போக வழி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேட்பது எப்படி

மேலே சொன்ன எதுவும் போதவில்லை, வேறு மென்பொருள்தான் வேண்டும் என்றால் முறைப்படி கேளுங்கள். வழக்கமாக நடப்பது இப்படி:

"சார், நோட்ஸ் எழுத ஒரு சின்ன சாஃப்ட்வேர் போடணும். அட்மின் பாஸ்வேர்டு மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்களேன்."

"அது முடியாதுங்க மேடம். டிக்கெட் போடுங்க. செக்யூரிட்டி டீம் பாத்துட்டு சொல்லுவாங்க."

டிக்கெட்டில் ஒரே வரி எழுதுகிறோம்: குறிப்பு எழுத மென்பொருள் வேண்டும். 'ஒன்நோட் இருக்கிறதே' என்று பதில் வருகிறது. அவர்கள் பக்கம் அது நியாயமான பதில். அந்த இருக்கையில் இருப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவதை நாம் சொல்லவே இல்லை.

அவருக்கு வேண்டியவை இவை. மென்பொருளின் பெயர், சரியான பதிப்பு எண், உருவாக்கியவர் யார், அதிகாரப்பூர்வத் தளம் எது. அலுவலகப் பயன்பாட்டுக்கு உரிமம் என்ன சொல்கிறது. கோப்பு எங்கே சேமிக்கப்படும். இணையத்தோடு பேசுமா, பேசுமானால் அதை நிறுத்தி வைக்க முடியுமா. அட்மின் உரிமை நிறுவும்போது மட்டும் வேண்டுமா, தினமும் வேண்டுமா. இவற்றை மென்பொருளின் ஆவணப் பக்கத்திலிருந்து நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவருடைய அரை நாள் வேலை குறைகிறது. உங்கள் டிக்கெட் அடியில் போகாது.

'ஏன் வேண்டும்' என்ற கட்டத்தில் 'வசதியாக இருக்கும்' என்று எழுதாதீர்கள். 'முந்நூறு பக்கத் தணிக்கை அறிக்கையில் ஒரு கிளையை மட்டும் தனியே திறந்து வேலை செய்ய வேண்டும். வேர்டின் அவுட்லைன் காட்சியில் அது இல்லை. இப்போது பகுதிகளைத் தனிக் கோப்புகளாக வெட்டி ஒட்டுகிறோம், கடந்த காலாண்டில் ஒரு பத்தி விடுபட்டுவிட்டது' என்று எழுதுங்கள். இருப்பதை முயன்று பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பது அதில் தெரிகிறது. உடன் வேலை செய்யும் மூன்று நான்கு பேருக்கும் தேவை என்றால் சேர்ந்தே கேளுங்கள்; மேலாளரின் ஒப்புதலை முதலிலேயே இணைத்துவிடுங்கள். மறுத்தால் எந்தக் காரணத்துக்காக என்று பணிவோடு கேட்டுக் குறித்து வையுங்கள். மேகச் சேமிப்பு காரணம் என்றால் கணினியிலேயே சேமிக்கும் வேறொன்றை அடுத்து முன்வைக்கலாம். பதில் வரும் வரை வேர்டில் எழுதிக்கொண்டிருங்கள். தலைப்புப் பாணிகளை ஒழுங்காகப் போட்டு எழுதியிருந்தால் பிறகு எங்கே கொண்டுபோனாலும் அடுக்கு குலையாது.

எந்த மென்பொருள் கிடைத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் குறிப்புச்சட்டத்தையும் வெற்று உரையாக எடுத்து, அலுவலகம் அனுமதித்த பொதுக் கோப்புறையில் தேதியிட்டு வையுங்கள். ஐடி பிரிவு ஒரு மென்பொருளை நீக்கும்போது முன்கூட்டி அறிவிப்பு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வேறு பிரிவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போகும்போது அந்தக் குறிப்புகள் அலுவலகத்துக்குச் சொந்தம், உங்களுக்குப் பின் வருபவருக்குச் சொந்தம். பாதி மடித்த கிளைகளோடும் உங்களுக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்தோடும் விட்டுப்போகாதீர்கள். எல்லாக் கிளையையும் விரித்துச் சேமியுங்கள். முதல் வரியாக 'வாசிப்பவருக்கு' என்று ஒரு தலைப்புப் போட்டு, கோப்பு எதைப் பற்றியது, கடைசியாகத் திருத்திய தேதி என்ன, முடியாமல் நிற்கும் வேலைகள் எந்தக் கிளையில் இருக்கின்றன என்று எழுதுங்கள். அதை டேப் இட்ட வெற்று உரையாகவும் ஒரு பிரதி எடுத்து, பக்கத்து மேசைக் கணினியில் திறந்து காட்டிவிட்டு வாருங்கள்.